நாள் தள்ளுவதற்கு முந்திய அந்த ஒரு வாரம்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து நாலைந்து மாதம் ஆகிவிட்டால், கோவில் கொடையிலோ சடங்கு வீட்டிலோ எதிர்ப்படுகிறவர்கள் அந்தப் பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காமல் போவதில்லை. பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியின் பாரம் மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில்தான் அவள்மேல் முழுதாக இறங்குகிறது. மார்பு கனக்கிறது, இடுப்பில் நாரி வலிக்கிறது, மத்தியானம் ஆனால் கண் சொருகுகிறது. வழக்கமாக வருகிற உபாதையா, இல்லை இந்த மாதம் தங்கிவிட்டதா? ஆச்சி முகத்தை உற்றுப் பார்த்து, "ஏட்டி, மொகம் வெளுத்துக் கெடக்கே" என்கிறாள். மைனி கருவாட்டுக் குழம்பை அருகில் கொண்டுவந்து வைத்து ஓங்கரிப்பு வருகிறதா என்று கவனிக்கிறாள். போனை எடுத்துத் தேடினால் கர்ப்பத்துக்கு ஒரு பட்டியல், மாதவிடாய்க்கு முந்திய உபாதைக்கு ஒரு பட்டியல். இரண்டிலும் அதே மார்பு வலி, அதே வயிற்று உப்புசம், அதே அசதி, அதே எரிச்சல்.

நாள் தள்ளுவதற்கு முன் உடம்பின் அறிகுறிகளை வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. பிள்ளை பெற்றுப் பழகிய கண்ணாலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. அந்தப் பெண்ணுக்கு விவரம் போதவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வாரத்தில் அவள் உடம்பில் நடப்பது, கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் ஒன்றேதான்.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு கொப்புளம் முதிர்ந்து வெடித்துச் சினைமுட்டை வெளியே வருகிறது. வெடித்த இடம் வீணாகப் போவதில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு சுரப்பியாக மாறிப் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. முட்டை கருவாகியிருக்கிறதா என்பது அந்தச் சுரப்பிக்குத் தெரியாது, எப்படியானாலும் சுரக்கும். மார்புத் திசுவை வீங்க வைப்பது இந்த ஹார்மோன். குடலின் அசைவை மெதுவாக்கி உப்புசத்தையும் மலச்சிக்கலையும் தருவதும், தூக்கத்தை இழுத்துக்கொண்டு வருவதும், உடம்புச் சூட்டை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் சற்றே உயர்த்துவதும் இதுதான். கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் ஓடுவது ஒரே தாமிரபரணித் தண்ணீர். கையில் அள்ளி வைத்துக்கொண்டு எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று சொல்லிவிட முடியுமா? மாதவிடாய்க்கு முந்திய மார்பு வலியும் கர்ப்பத்தின் முதல் மார்பு வலியும் அப்படித்தான்.

கரு உண்டாகியிருந்தால் அது உடனே கர்ப்பப்பைக்கு வந்துவிடுவதில்லை. கருக்குழாயில் நகர்ந்து வந்து, கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிப் பதிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துச் செய்த ஆய்வு 1999ஆம் ஆண்டு வெளியானது. அதில் நிலைத்த கர்ப்பங்களில், சினைமுட்டை வெளிவந்த 6ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் இடையில் கரு பதிந்திருந்தது. நூற்றுக்கு 84 பேருக்கு 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில். பதிந்த பிறகுதான் கரு ஹெச்சிஜி என்ற தன் ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. சினைப்பையில் வாடிப்போக இருந்த மஞ்சள் சுரப்பிக்கு அதுதான் உயிர் தருகிறது. சுரப்பி தொடர்ந்து வேலை செய்கிறது, புரொஜெஸ்டிரோன் குறையவில்லை, தீட்டு வரவில்லை. கரு பதியாவிட்டால் ஏறக்குறைய 12 முதல் 14 நாட்களில் சுரப்பி சுருங்கிவிடும், ஹார்மோன் சரியும், இரத்தம் வரும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை வெளிவந்து 14ஆம் நாள் தீட்டு வர வேண்டிய ஒரு பெண்ணுக்கு, கரு பதிந்தது 9ஆம் நாள் என்றால், கர்ப்பத்துக்கே உரிய வேதிப்பொருள் அவள் இரத்தத்தில் இருப்பது கடைசி ஐந்து நாள் மட்டுமே. அதுவும் தொடக்கத்தில் மிகக் குறைந்த அளவில். முட்டை வெளிவந்த மூன்றாம் நாளே "எனக்கு ஏதோ வித்தியாசமாக இருக்கிறது" என்று ஒருத்தி உணர்ந்தால், உணர்வு பொய்யில்லை. ஆனால் அதைத் தருவது அந்த மாதத்துப் புரொஜெஸ்டிரோன். கரு இன்னும் குழாயில்தான் இருக்கிறது.

நம் பக்கம் எல்லோரும் நம்புகிற அறிகுறி வாந்தியும் மசக்கையும். இதில் காலக்கணக்கு பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. மசக்கை பெரும்பாலான பெண்களுக்குக் கடைசியாகத் தீட்டு வந்த நாளிலிருந்து 5, 6 வாரம் ஆகும்போதுதான் தொடங்குகிறது. அதாவது நாள் தள்ளி ஒன்றிரண்டு வாரம் போன பிறகு. 9ஆம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்லத் தணியும். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஜிடிஎஃப்15 என்ற புரதத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கருவுறும் முன் அந்தப் புரதம் யார் இரத்தத்தில் குறைவாக இருந்ததோ, அவர்களையே வாந்தி அதிகமாக வாட்டுகிறது. ஆகவே தீட்டு வரவேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே வயிறு குமட்டினால், கர்ப்பம் என்பதைவிட வேறு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த வேறு காரணங்களில் சில நம்மூருக்கே உரியவை. முக்கூடல், ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த ஊர்கள் இங்கே ஏராளம். நாள் முழுக்க மடியில் தட்டை வைத்துக்கொண்டு புகையிலைத் தூளில் கை வைத்திருக்கிறவர்களுக்கு நிக்கோட்டின் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் உடம்பில் ஏறும். தலைவலி, குமட்டல், கிறக்கம் மூன்றையும் அது தரும். குனிந்தே இருப்பதால் நாரி வலியும் சேர்ந்துகொள்ளும். அவர்களிடம் போய் "குமட்டினால் கர்ப்பமாக இருக்கலாம்" என்பது பயனற்ற பேச்சு. ஆனால் கர்ப்பத்துக்குக் காத்திருக்கிற பெண் பீடி சுற்றுகிறவளாக இருந்தால், அதை நர்ஸம்மாவிடம் முதல் நாளே சொல்வது நல்லது. சித்திரை வெயிலில் வருகிற தலைச்சுற்றலும் சாப்பாட்டு வெறுப்பும் இன்னொரு குழப்பம்.

சாம்பல், மண், பச்சரிசி தின்னத் தோன்றுவதையும் நம் வீடுகளில் கர்ப்ப அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது இரும்புச்சத்துக் குறைவிலும் வரும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. கல்யாணமாகாத பெண் பச்சரிசியை மென்றுகொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அவளை அல்ல, அவளுடைய இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைத்தான்.

அடுத்தது சொட்டு இரத்தம். கரு ஒட்டும்போது இலேசாக இரத்தம் படும், அதை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை இப்போது வலுவாகப் பரவியிருக்கிறது. மேலே சொன்ன அதே ஆய்வில் கலந்துகொண்டு கருவுற்ற 151 பெண்களின் குறிப்புகளைப் பார்த்தபோது, முதல் எட்டு வாரத்துக்குள் இரத்தம் பட்டது 14 பேருக்குத்தான். அதிலும் கரு பதிந்த நாளிலேயே பட்டது அரிது. வழக்கமாகத் தீட்டு வர வேண்டிய நாட்களை ஒட்டியே பட்டிருந்தது. அதனால் இலேசான இரத்தம் வந்தால் "தங்கிவிட்டது" என்றும் முடிவு கட்ட வேண்டாம், "இந்த மாதமும் போச்சு" என்று அழவும் வேண்டாம். எப்போதும் நாலைந்து நாள் போகிற பெண்ணுக்கு இந்த முறை ஒரு நாள் திட்டுத் திட்டாகப் பட்டு நின்றுபோனால், பரிசோதித்துப் பார்ப்பதற்கு அது போதுமான காரணம்.

அப்படியானால் ஒரு வித்தியாசமும் இல்லையா? உண்டு, ஆனால் அது வலியின் தன்மையைவிடக் காலத்தில்தான் தெரிகிறது. மாதவிடாய்க்கு முந்திய உபாதைகள் இரத்தம் வந்த ஓரிரு நாளில் வடிந்துவிடும். கர்ப்பமானால் வடியாது, கூடும். மார்புக்காம்பைச் சுற்றிய வட்டம் கறுக்கும், நரம்புகள் பச்சையாகத் தெரியும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். இவையெல்லாம் நாள் தள்ளிய பிறகு, வாரக்கணக்கில் தெரிய வருகிறவை. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துவருகிறவர்களுக்கு இன்னொரு தடயம் உண்டு. உயர்ந்த உடம்புச் சூடு 18 நாளுக்கு மேலும் இறங்காமல் நின்றால் கர்ப்பமாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அதற்குள் கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைக் கிட்டே பதில் சொல்லிவிட்டிருக்கும்.

குழப்பத்தைப் பெரிதாக்குகிற ஒரு பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு போவது நெல்லைச் சீமையில் விடக்கூடாத கடமை. அந்த நாளில் தீட்டு வந்துவிடக் கூடாது என்று மெடிக்கலில் "தள்ளிப்போடுற மாத்திரை" வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெண்கள் பலர். குலசேகரப்பட்டினம் தசராவுக்கும், தங்கை கல்யாணத்துக்கும் இதே கதைதான். அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். புரொஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்கிற மருந்து. தீட்டு வரும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கித் தினம் மூன்று வேளை போடுவார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும். போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் மார்பு கனக்கும், வயிறு உப்பும், குமட்டும், தீட்டும் வராது. கர்ப்பத்தின் முழு வேஷத்தையும் அந்த மாத்திரை கட்டிவிடும். இதைவிட முக்கியமானது, கரு உண்டாகியிருக்க வாய்ப்புள்ள பெண் இந்த மாத்திரையைப் போடவே கூடாது. மெடிக்கலில் யாரும் அதைக் கேட்பதில்லை. கோவிலுக்குத் தேதி குறித்ததும் மருத்துவரைப் பார்த்துச் சீட்டு எழுதி வாங்குங்கள். போட்டு நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் இரத்தம் வராவிட்டால் "மாத்திரைச் சூடு" என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்யுங்கள்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. முட்டை வெடிக்கப் போடுகிற ஊசி பெரும்பாலும் ஹெச்சிஜியேதான். அது பத்துப் பதினாலு நாள்வரை உடம்பில் தங்கி, கிட்டில் கர்ப்பம் என்று இரண்டு கோடு காட்டிவிடும். பிறகு கொடுக்கப்படும் புரொஜெஸ்டிரோன் மாத்திரை எல்லா அறிகுறியையும் தரும். கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி போன்ற ஊர்களில் கணவர் வளைகுடாவிலிருந்து இரண்டு மாத லீவில் வந்து போகிற வீடுகள் நிறைய; அந்த இரண்டு மாதத்துக்குள் நடக்கும் சிகிச்சையின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், மருத்துவமனை குறித்துத் தந்த தேதிக்கு முன் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். பொய்யான சந்தோஷம் பொய்யான துக்கத்தைவிட ஆளை அதிகம் நொறுக்கும்.

கிட் விஷயத்துக்கு வருவோம். மெடிக்கலில் ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். தெரிந்த கடையில் வாங்கக் கூச்சப்பட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் கேட்டால் காசில்லாமலே பார்த்துக்கொள்ளலாம். ஹெச்சிஜி தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகிறது. வீட்டுக் கிட்டுகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி அலகை எட்டினால்தான் கோடு காட்டும். தீட்டு வரவேண்டிய நாளுக்கு நாலு நாள் முன் பார்த்து "இல்லை" என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. நாள் தள்ளிய மறுநாள், காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் பார்த்துவிட வேண்டும். அரைமணி கழித்துத் தெரிகிற சாம்பல் நிறக் கோடு காய்ந்த ஈரத்தின் தடம். நேரத்துக்குள் தெரிகிற கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். இல்லை என்று வந்து தீட்டும் வராவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடி. உப்பு, சர்க்கரை, பற்பசையில் சிறுநீரை ஊற்றிப் பார்ப்பது, ஆச்சி நாடி பிடித்துச் சொல்வது, இவை எதிலும் பதில் இல்லை.

நாள் தள்ளிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். 28 நாள் என்பது புத்தகக் கணக்கு. 21 முதல் 35 நாள்வரை எதுவும் இயல்பே. தீட்டுக்கும் தீட்டுக்கும் இடையில் மாறுவது முன்பாதி. முட்டை வெளிவந்த பிறகான பின்பாதி ஓரளவு நிலையானது. பரீட்சை, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, இப்படி ஏதாவது வந்தால் முட்டை வெளிவருவதே பத்து நாள் தாமதமாகலாம். அப்போது தீட்டும் பத்து நாள் தாமதமாகும், அது கர்ப்பமில்லை. பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டியோ தைராய்டு கோளாறோ இருக்கிறவர்களுக்கு நாட்கணக்கே கைகொடுக்காது. அவர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது.

சிலருக்கு இரண்டு கோடு தெரிந்து, ஐந்தாறு நாளில் தீட்டு வந்துவிடும். வில்காக்ஸ் குழுவின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், உண்டான கர்ப்பங்களில் நூற்றுக்கு 22, பெண்ணுக்கு வேறு வகையில் தெரிய வருமுன்பே கலைந்திருந்தன. எள்ளும் கருப்பட்டியும் தின்றதால், பஸ்ஸில் போனதால், பப்பாளித் துண்டு சாப்பிட்டதால் என்று அந்தப் பெண்ணை வீடே குற்றம் சொல்வது கொடுமை. பெரும்பாலும் கருவிலேயே குரோமோசோம் கோளாறு இருந்திருக்கும். அவள் செய்ததும் செய்யாததும் காரணமில்லை.

கோடு தெரிந்த பிறகு ஒரு ஆபத்தை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, சொட்டு இரத்தம், கிறக்கம், தோள் நுனியில் வலி இருந்தால், கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிர் போகும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டும். தீட்டு வராததற்கு மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது இந்த ஒரு காரணத்துக்காகவே அபாயம். குழாயில் இருக்கும் கருவை அது கலைக்காது. கர்ப்பம் வேண்டாம் என்றாலும் சட்டப்படி மருத்துவரிடம் போக வழி இருக்கிறது.

நல்ல செய்தியாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. கர்ப்ப வாரங்கள் கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவதால், நாள் தள்ளிய அன்றே 4 வாரம் ஆகிவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் பெற 12 வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அப்படியானால் கையில் இருப்பது எட்டே வாரம். குழந்தையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் மாறப்போகும் குழல் மூடிக்கொள்வது இன்னும் முன்னதாக, நாள் தள்ளி இரண்டு வாரத்துக்குள். அதனால் ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுப்பது சரி. காத்திருக்கிற அந்த வாரத்தில் வயிற்று வலிக்கு வழக்கமாகப் போடுகிற மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் பாரசிட்டமால் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் "நாள் தள்ளியிருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரு கோடுதான் வந்து, இரத்தமும் வந்துவிட்டால் வீட்டில் யாரும் அதன்பின் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அந்த வாரம் பட்ட வலியும் எரிச்சலும் உண்மை. மாதாமாதம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு அழுகிற அளவுக்கு, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு, செத்துப்போகலாம் என்று தோன்றும் அளவுக்கு அது இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஹார்மோன் ஏறி இறங்குவதற்கு மூளை காட்டுகிற கூடுதல் உணர்ச்சி அது, குணக்கேடு அல்ல. இரண்டு மாதத்துக்கு எந்தத் தேதியில் என்ன உபாதை, எப்போது இரத்தம் வந்தது, எப்போது உபாதை நின்றது என்று நாள்காட்டித் தாளிலேயே குறித்துவைத்து மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.